குப்பியில் நிறம் இல்லை

தம்பி: அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு. உன் நிழல் குப்பி மேல விழுது.

அக்கா: நிழல் பட்டா மருந்து வேலை செய்யாதா? என்ன காட்டுது?

தம்பி: இரு. இன்னும் குலுக்கவே இல்ல.

அக்கா: சொட்டு எத்தனை விட்டே?

தம்பி: அஞ்சு.

அக்கா: எண்ணினியா?

தம்பி: அஞ்சு வரைக்கும் பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்துட்டாங்க.

அக்கா: விளையாடாதடா. மணி பதினொண்ணு. நாலு மணிக்கு பிசியோ மேடம் வந்து நிப்பாங்க.

தம்பி: தெரியும்.

அக்கா: பாப்பா காலையில எழுந்ததுமே நீச்சல் டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டா. இட்ட வேலை எதையும் செய்யாத பொண்ணு, தானே தலையைப் பின்னி, தானே துண்டை மடிச்சு வெச்சிருக்கா... குலுக்கினது போதும். காட்டு.

தம்பி: வெள்ளை.

அக்கா: லேசா ரோஸ் அடிக்குதே, இந்தப் பக்கம்.

தம்பி: அது உன் சேலை. அதுக்குத்தான் தள்ளி நில்லுன்னேன்.

அக்கா: அப்போ நீச்சல் குளத்துல குளோரின்...

தம்பி: பூஜ்யம். நேத்து காலையில பூஜ்யம், சாயங்காலம் பூஜ்யம், இப்பவும் பூஜ்யம்.

அக்கா: உன் கண்ணுல ஏதாவது...

தம்பி: பெயிண்ட் கடையில பன்னெண்டு வருஷமா கலர் கலக்கிறேன். வெள்ளையிலயே பதினேழு வெள்ளை பிரிச்சுச் சொல்லுவேன். இது ஒரு சொட்டு நிறம் இல்லாத தண்ணி. குடிக்கிற தண்ணி மாதிரி இருக்கு.

அக்கா: நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

தம்பி: கலர் அட்டையை நீயே பக்கத்துல வெச்சுப் பாரு. நிறம் ஏற ஏற குளோரின் அதிகம். வெள்ளைன்னா ஒண்ணும் இல்ல.

அக்கா: நோட்டைப் பாத்தா சரியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை தண்ணி நிரப்பினோம். திங்கள் அரை கப், செவ்வாய் அரை கப், நேத்து அரை கப். செவ்வாய்க்கிழமை காலையில லேசா ரோஸ் வந்துச்சே... அதுக்கப்புறம் போட்டதெல்லாம் எங்க போச்சு?

தம்பி: தண்ணி குடிச்சுடுது போல.

அக்கா: புதுசா பூசின சிமெண்ட், முதல் வாரம் அடம் பிடிக்கும்னு குளோரின் வித்த கடைக்காரர் சொன்னாரு.

தம்பி: அடத்துல உன் பொண்ணை மிஞ்சிடும் போல.

அக்கா: என் பொண்ணு வம்பு பண்ணினா மட்டும் என் பொண்ணு. நல்லது பண்ணினா உன் மருமக.

பாப்பா: மாமா... இறங்கலாமா?

அக்கா: ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? வாக்கர் எங்க?

பாப்பா: இங்கதாம்மா இருக்கு. மாமா, இறங்கலாமா?

தம்பி: நாலு மணிக்குடா ராஜாத்தி. தண்ணி இன்னும் பரீட்சை எழுதிக்கிட்டிருக்கு.

பாப்பா: பாஸாகுமா?

தம்பி: அதை விடு... நீ போய்ச் சாப்பிடு. வெறும் வயித்தோட தண்ணியில இறங்கக் கூடாது.

பாப்பா: நீங்கதான் பிடிச்சுக்கணும். அம்மா வேண்டாம். அம்மா கை நடுங்கும்.

தம்பி: சரி, நான்தான்.

பாப்பா: விடக் கூடாது.

தம்பி: ...விட மாட்டேன்.

அக்கா: போ உள்ள. மெதுவா.

தம்பி: போயிட்டாளா?

அக்கா: போயிட்டா. ஏன் உன் முகம் இப்படி ஆயிடுச்சு?

தம்பி: ஒண்ணும் இல்ல.

அக்கா: கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?

தம்பி: கடையில தின்னர் நெடி.

அக்கா: இன்னைக்குத்தான் கடைக்கே போகலையே.

தம்பி: நேத்து நெடி. இன்னைக்குத் தெரியுது.

அக்கா: நெடிக்குக் கூட வாய்தா வாங்கித் தர்றே.

தம்பி: அதை விடு, அடுத்த குப்பியைக் குடு. பி.எச். பாக்கணும்.

அக்கா: அதுதான் செவ்வாய்க்கிழமையே சரி பண்ணியாச்சே. ஏறுச்சுன்னு ஆசிட் ஊத்தினோம், இறங்கிடுச்சுன்னு சோடா உப்பு போட்டோம், மறுபடி ஆசிட்... கடைசியா அட்டையில நடுவுல இருக்கிற சிவப்புக்கு வந்து நின்னுச்சு. நீ துள்ளிக் குதிச்சே.

தம்பி: குதிக்கல.

அக்கா: கைலியோட குதிச்சே. நான் பாத்தேன்.

தம்பி: அக்கா... இதைப் பாரு.

அக்கா: ஊதாவா?

தம்பி: நல்ல ஊதா. கத்தரிப்பூ. இந்த நிறம் அட்டையிலயே இல்ல.

அக்கா: அட்டையில இல்லாத நிறம் எப்படிடா வரும்?

தம்பி: பி.எச். எங்கயோ மேல போயிடுச்சு. அதான் குளோரினும் நிக்க மாட்டேங்குது. ஆசிட் கேனை எடு.

அக்கா: டேய், கையுறை.

தம்பி: போட்டுக்கிறேன். நீ அந்தக் குளோரின் டப்பாவையும் எடு. ஆசிட் அரை லிட்டர், அப்புறம் குளோரின் ரெண்டு கப். மூணு மணி நேரம் மோட்டார் ஓடினா கலந்துடும்.

அக்கா: ரெண்டு கப்பா?

தம்பி: பூஜ்யத்துல இருக்கு. பின்ன, அரை கப்பை வெச்சு என்ன பண்றது? டாக்டர் சொன்னதை மறந்துட்டியா? பாப்பா கால்ல தையல் ஆறின இடத்துல கிருமி ஏறிச்சுன்னா உள்ள வெச்ச கம்பி வரைக்கும் போகும். கம்பியை எடுக்கணும். மறுபடி முதல்லேருந்து.

அக்கா: எனக்கு ஞாபகப்படுத்தாதே. ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு.

தம்பி: டப்பா ஏன் இவ்வளவு லேசா இருக்கு?

அக்கா: என்ன லேசு?

தம்பி: ரெண்டு கிலோ டப்பா. மூணு அரை கப்தான் எடுத்தோம். பாதிக்கு மேல காலியா இருக்கு.

அக்கா: கடையிலயே குறைச்சுப் போட்டிருப்பான்.

தம்பி: சீல் வெச்ச டப்பா அக்கா.

அக்கா: காத்துல ஆவியாகும்னு அதுலயே எழுதியிருக்கு.

தம்பி: ...ஆமா. இருக்கும். ஆவியாகியிருக்கும்.

அக்கா: நீ ஏன் சட்டுனு ஒத்துக்கிறே? எதுக்கும் ஒத்துக்கிற ஆளில்லையே.

தம்பி: சண்டை போட நேரம் இல்ல. அந்தத் துண்டைக் குடு, கையைத் துடைக்கணும்... இது எந்தத் துண்டு?

அக்கா: பாப்பாவோட இன்னொரு துண்டு. நீலத் துண்டு. நேத்து குளத்து ஓரத்துல விழுந்து நனைஞ்சுது, காயப் போட்டேன்.

தம்பி: நீலமா? இங்க பாரு. இந்த மூலை பூரா வெளுத்துப் போயிருக்கு.

அக்கா: வெயில்ல...

தம்பி: ஒரு நாள் வெயில்ல நீலம் இப்படிப் போகாது. கடையில இதே நீலத்தைச் சுவருக்குக் குடுத்து அஞ்சு வருஷத்துக்கு நாங்க பொறுப்பு ஏத்துக்கிறோம்.

அக்கா: அப்போ தண்ணியில ஏதோ இருக்கு.

தம்பி: தண்ணியில ஒண்ணும் இல்லன்னு குப்பி சொல்லுது.

அக்கா: துண்டு வேற சொல்லுதே... தம்பி, கடைக்காரருக்குப் போன் போடு.

தம்பி: அவரு இருபது கேள்வி கேப்பாரு.

அக்கா: கேக்கட்டும். ஆழம் தெரியாம காலை விடறதுக்கு நமக்கு இன்னொரு கால் இல்ல. போடு. ஸ்பீக்கர்ல போடு.

தம்பி: ...அடிக்குது.

கடைக்காரர்: சொல்லுங்க சார். புதுத் தொட்டிதானே? பன்னெண்டுக்கு எட்டு, நாலடி ஆழம். குழந்தை நடக்கிறதுக்காகக் கட்டினது.

தம்பி: ஆமாங்க. குளோரின் நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு நாளா குப்பியில வெள்ளையாவே வருது.

கடைக்காரர்: எவ்வளவு போட்டீங்க?

தம்பி: தினம் அரை கப். மூணு நாள்.

கடைக்காரர்: அதுக்குக் கொஞ்சமாவது நிறம் வரணுமே. சொட்டு விட்டதும் ஒரு நொடி, கண்ணிமைக்கிற நேரம், ரோஸ் அடிச்சு மறைஞ்சுதா?

தம்பி: அது... குலுக்கும்போது பாக்கல.

கடைக்காரர்: பி.எச். என்ன காட்டுது?

தம்பி: ஊதா. அட்டையில இல்லாத ஊதா. அதான் ஆசிட் ஊத்தலாம்னு...

கடைக்காரர்: ஊத்திட்டீங்களா?

தம்பி: கேன் கையில இருக்கு.

கடைக்காரர்: கீழ வைங்க.

தம்பி: ஏங்க...

கடைக்காரர்: முதல்ல கீழ வைங்க சார். மூடியைப் போடுங்க. அந்த அம்மா பக்கத்துல இருக்காங்களா? அம்மா, வெச்சுட்டாரா?

அக்கா: வெச்சுட்டான். மூடி போட்டாச்சு.

கடைக்காரர்: நல்லது. இப்ப நான் சொல்ற மாதிரி பண்ணுங்க. குடிக்கிற பாட்டில் தண்ணி இருக்கா? குளத்துத் தண்ணி ஒரு பங்கு, பாட்டில் தண்ணி ஒன்பது பங்கு. கலந்து, அதுலேருந்து குப்பியில எடுத்துச் சொட்டு விடுங்க.

தம்பி: பத்துல ஒரு பங்காக்கினா இன்னும் குறைவாத்தானே காட்டும்? பூஜ்யத்தைப் பத்தால வகுத்தா...

கடைக்காரர்: கணக்கு அப்புறம். பண்ணுங்க. நான் லைன்ல இருக்கேன், ஒருத்தருக்கு ஓஸ் பைப் வெட்டிக் குடுத்துட்டு வர்றேன்.

அக்கா: எதால அளக்கிறது? இரு... பாப்பாவோட மருந்து மூடி இருக்கு.

தம்பி: குடு. குளத்துத் தண்ணி ஒரு மூடி. பாட்டில் தண்ணி... ஒண்ணு, ரெண்டு, மூணு...

அக்கா: சிந்தாம ஊத்துடா.

தம்பி: பேசாதே, எண்ணிக்கை போயிடும். ஏழு... எட்டு... ஒன்பது. இப்ப குப்பியில. சொட்டு ஒண்ணு. ரெண்டு...

அக்கா: தம்பி.

தம்பி: மூணு...

அக்கா: தம்பி, நிறம் வருது. இது என் சேலை இல்லையே. நான் தள்ளித்தானே நிக்கிறேன்?

தம்பி: சேலை இல்ல.

கடைக்காரர்: ஹலோ... என்ன வந்துச்சு?

தம்பி: ரோஸ். நல்ல அடர்த்தி. அட்டையில மூணு.

கடைக்காரர்: பத்தால பெருக்குங்க.

தம்பி: முப்பது.

கடைக்காரர்: முப்பது. குழந்தை இறங்குற தண்ணியில மூணைத் தாண்டக் கூடாது. குளோரின் அளவுக்கு மீறினா அந்தச் சொட்டு மருந்தையே வெளுத்துடும் சார். சாயம் வரும், வந்த வேகத்துல செத்துடும். உங்களுக்கு வெள்ளையாத் தெரியும். ஒண்ணுமில்லன்னு நெனச்சு மேல மேல போடுவீங்க. வெள்ளையா இருந்தா எல்லாரும் பண்ற தப்புதான் இது.

அக்கா: அந்த ஊதா?

கடைக்காரர்: அதுவும் இதோட கோளாறுதான். அதை நம்பி ஆசிட்டையும் ஊத்தியிருந்தா, கரையில நிக்கிறவங்களுக்கே மூச்சு முட்டியிருக்கும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தத்துக்கே அந்தக் கதி. இது குளோரின்.

அக்கா: இப்ப என்ன பண்றது?

கடைக்காரர்: ஒண்ணும் பண்ணாதீங்க. அதுதான் மருந்து. மேல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கீங்களா?

தம்பி: ஆமா, இலை விழக் கூடாதுன்னு.

கடைக்காரர்: எடுத்துடுங்க. வெயில் படட்டும், வெயிலே தின்னுடும். பாதித் தண்ணியை இறக்கிட்டுப் புதுத் தண்ணி விடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதே மாதிரி கலந்து பாருங்க.

அக்கா: இன்னைக்கு நாலு மணிக்கு...

கடைக்காரர்: இன்னைக்கு ஒரு விரல் கூட வேண்டாம்மா. யாராவது ஏற்கனவே இறங்கினாங்களா?

அக்கா: இல்ல. யாரும் இல்ல.

தம்பி: ...

கடைக்காரர்: நல்லவேளை. ஆனா ஒண்ணு சார்... மூணு அரை கப்புக்கு முப்பது வராது. கணக்கு எங்கயோ உதைக்குது. வீட்டுல கேட்டுப் பாருங்க. வெச்சுடறேன்.

அக்கா: சொல்லு.

தம்பி: நீ சொல்லு.

அக்கா: நான் போட்டேன்.

தம்பி: எவ்வளவு?

அக்கா: செவ்வாய்க்கிழமை நீ கடைக்குப் போனதும் ஒரு கப். அந்த ரோஸ் ரொம்ப வெளிறினாப்புல இருந்துச்சு, எனக்கு மனசு ஆறல. நேத்து ரெண்டு கப்.

தம்பி: கப் அளவா?

அக்கா: குவிச்சு.

தம்பி: குவிச்சு வேறயா? நோட்டுல ஏன் எழுதல?

அக்கா: எழுதினா நீ திட்டுவே. கிருமி ஏறிடக் கூடாதுன்னுதான்டா. மறுபடியும் என்னால அவளுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னு...

தம்பி: மறுபடியும்னா? உன்னால என்ன ஆச்சு?

அக்கா: ஒண்ணும் இல்ல. பேச்சுக்குச் சொன்னேன். உன் பங்கைச் சொல்லு.

தம்பி: விடியக்காலம், நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி. நேத்து ஒரு கப், இன்னைக்கு ஒரு கப்.

அக்கா: நல்லா இருக்கு. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவுல நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, அரை கப் அரை கப்னு அவ்வளவு சுத்தமா எழுதியிருக்கோம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க ரெண்டு பேரு.

தம்பி: சிரிக்காதே அக்கா.

அக்கா: சிரிக்கலைன்னா அழுதுடுவேன்... கடைக்காரர் கேட்டப்போ நீ ஏன் வாயைத் திறக்கல? யாராவது இறங்கினாங்களான்னு கேட்டாரே. கண்ணைக் காட்டு.

தம்பி: தின்னர் நெடின்னு சொன்னேனே.

அக்கா: காட்டுடா. கழுத்தெல்லாம் தடிச்சுப் போயிருக்கு. இறங்கினியா?

தம்பி: காலையில. குனிஞ்சு, கழுத்து நனையிற வரைக்கும்.

அக்கா: உனக்கு வாளித் தண்ணியே பயமாச்சே.

தம்பி: அதுக்குத்தான் இறங்கினேன். நாலு மணிக்கு அவளை முன்னால பிடிச்சுக்கிட்டு நான் பின்பக்கமா நடக்கணும். அவ என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு வருவா. நான் பயந்தா அவளுக்குத் தெரியும். பழகிக்கலாம்னு இறங்கி, அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் இருபது தடவை நடந்தேன்.

அக்கா: எரியலையா?

தம்பி: எரிஞ்சுது. பயத்துல எரியுதுன்னு நெனச்சேன்.

அக்கா: பைத்தியக்காரா. போய் நல்ல தண்ணியில குளி, முதல்ல.

தம்பி: குளிச்சாச்சு. ரெண்டு தடவை... அக்கா, இன்னைக்கு அவளை அதுல இறக்கியிருப்பேன். சிரிச்சுக்கிட்டே இறக்கியிருப்பேன். மறுபடியும் என் கையால.

அக்கா: இறக்கலையே.

தம்பி: எந்த நம்பிக்கையில என்னைப் பிடிச்சுக்கச் சொல்றா அவ? ஸ்கூட்டர்ல என் பின்னால உக்காந்துதானே தொடை எலும்பு ரெண்டாச்சு? அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேங்கிறா. ஆஸ்பத்திரிக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியலன்னுதானே வீட்டுப் பின்னாலயே தோண்டினோம்? வண்டியை நம்ப மாட்டா, ரோட்டை நம்ப மாட்டா. ஓட்டினவனை மட்டும் நம்புவாளாம்.

அக்கா: அவகிட்டயே கேளு.

தம்பி: எந்த முகத்தோட கேக்கிறது?

அக்கா: சரி, அதை அப்புறம் பாப்போம். பிசியோ மேடத்துக்கு நான் போன் பண்ணித் திங்கக்கிழமைக்கு மாத்திடறேன். பாப்பாகிட்ட யாரு சொல்றது?

தம்பி: நானே சொல்லிடறேன். மோட்டார் ரிப்பேர்னு சொல்லுவோம். மேடத்துக்கும் அதையே சொல்லிடு.

அக்கா: வேண்டாம்.

தம்பி: ஒரு சின்னப் பொய்தானே? நாம ரெண்டு பேரும் போட்டிக்கு விஷத்தைக் கொட்டினோம்னா சொல்ல முடியும்? மோட்டார்ல ஒரு வயர் போச்சு, ஆளு வர்றான்...

அக்கா: இன்னொரு நாய் வேண்டாம்டா.

தம்பி: என்ன நாய்?

அக்கா: அன்னைக்கு ஸ்கூட்டருக்குக் குறுக்க வந்துச்சே, அந்த நாய்.

தம்பி: ...அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அக்கா: என்ன கலர்டா அது?

தம்பி: எதுக்கு இப்ப அதெல்லாம்...

அக்கா: சொல்லு. கலர் பாக்கிற ஆளுதானே நீ?

தம்பி: செவலை. வாலு நுனி மட்டும் வெள்ளை. அன்னைக்கே எல்லாருக்கும் சொன்னேனே.

அக்கா: பாப்பா சொன்ன நாய் கறுப்பு.

தம்பி: மழையில நனைஞ்சா செவலையும் கறுப்பாத்தான் தெரியும்.

அக்கா: கழுத்துல சிவப்புப் பட்டை. பொட்டை நாய். வயித்துல குட்டி.

தம்பி: குட்டி வேறயா?

அக்கா: குட்டியோட இருக்கிற நாய் செத்துடக் கூடாதேன்னு மாமா வண்டியைத் திருப்பினாங்கன்னு சொன்னா. ஆபரேஷன் முடிஞ்சு பாதி மயக்கத்துல சொன்னா. அடுத்த நாள் கேட்டேன், அதே நாய், அதே பட்டை. உன்னை நல்லவனாக்குறதுக்கு அந்த வலியிலயும் அவ்வளவு மெனக்கெட்டிருக்கா. பெரிய ஆளு நீ, அவகிட்ட ஒரு கலர் கேட்டு வெச்சிருக்கக் கூடாதா? உக்காரு. படிக்கட்டுல உக்காரு. தண்ணியில காலை வைக்காதே.

தம்பி: ஏழு மாசமா உனக்குத் தெரியுமா?

அக்கா: தெரியும்.

தம்பி: தெரிஞ்சுமா ஒரு வார்த்தை திட்டல? ஒரு நாள் முகம் சுளிக்கல. காபி குடுத்தே, சாப்பாடு போட்டே. உனக்குக் கோபமே இல்லன்னு நெனச்சேன்.

அக்கா: வெள்ளையா இருந்தா ஒண்ணுமில்லன்னு நெனச்சுட்டே. இப்பதானே பாத்தோம்.

தம்பி: திட்டிடு அக்கா. இப்பவாவது திட்டிடு. நாயும் இல்ல, பூனையும் இல்ல. ஓட்டிக்கிட்டிருக்கும்போதே போனை எடுத்தேன். ஒரு கையில போன், ஒரு கையில வண்டி. திருப்பத்துல வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்.

அக்கா: யாரு போன்?

தம்பி: கடையிலேருந்து.

அக்கா: இது மூணாவது நாய்.

தம்பி: அக்கா...

அக்கா: நான் கூப்பிட்டது எனக்குத் தெரியாதா?

தம்பி: ...நான் எடுத்ததுமே கட் ஆயிடுச்சு. எடுக்கவே இல்லன்னுதான் நீ நெனச்சிருப்பேன்னு இருந்தேன். உன் போன்னாலதான்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டே. அதனாலதான் அந்த நாயைக் கொண்டாந்தேன். சத்தியமா என்னைக் காப்பாத்திக்க இல்ல.

அக்கா: தெரியும்டா. அதனாலதான் நானும் அந்த நாயைத் துரத்தல.

தம்பி: எப்படித் தெரிஞ்சுது?

அக்கா: கட் ஆகல.

தம்பி: என்ன?

அக்கா: லைன் கட் ஆகல. 'மாமா, அப்புறம் பேசுங்க, ரோட்டைப் பாருங்க'ன்னு அவ சொன்னது கேட்டுச்சு. அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் மழை மட்டும்தான். நாலு நிமிஷம் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நின்னேன். ஹலோ ஹலோன்னு...

தம்பி: போதும்க்கா.

அக்கா: உன் மேல கோபம்னா எப்பவோ திட்டித் தீத்திருப்பேன். இது யார் மேலன்னு போய்த் திட்டறது?

தம்பி: ...

பாப்பா: மாமா... ஏன் சத்தமே காணோம்? தண்ணி பாஸா?

தம்பி: ஃபெயிலுடா ராஜாத்தி. நாங்கதான் ஃபெயிலாக்கிட்டோம். இதோ வர்றேன், வந்து முழுசாச் சொல்றேன்.

பாப்பா: அப்போ திங்கக்கிழமையா?

தம்பி: திங்கக்கிழமை.

பாப்பா: நீங்கதானே பிடிச்சுப்பீங்க?

தம்பி: நான்தான். அம்மாவும் ஒரு பக்கம் பிடிச்சுப்பாங்க.

அக்கா: போ. அவ காத்துக்கிட்டிருக்கா. தார்ப்பாயை நான் எடுக்கிறேன்.

தம்பி: போறேன்... அக்கா.

அக்கா: ம்.

தம்பி: அன்னைக்கு எதுக்குக் கூப்பிட்டே?

அக்கா: மழை பிடிச்சிருந்துச்சுடா... மெதுவா ஓட்டிட்டு வான்னு சொல்லத்தான்.